மலை ஈரத்தில் பேக்லைட்டும் ஹைலம் ஷீட்டும்: நீண்ட நாள் பயன்பாட்டில்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கறுப்பு பேக்லைட் சுவிட்சுகள் இன்னும் வேலை செய்கின்றன. பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்து லியோ பேக்லண்ட் 1907-இல் உருவாக்கிய பிசின் இது. மரத்தூள் கலந்து, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சில் வார்ப்பார்கள். இறுகிய பிறகு மறுபடி உருகாது. மலிவான பிளாஸ்டிக் ஹோல்டர் பல்பு சூட்டில் இளகித் தொங்கும் இடத்தில் பேக்லைட் அசையாமல் நிற்கும். கழற்றி எறிய மனம் வராததற்கு இந்த ஒன்றே போதும்.

அதைக் கெடுப்பது பெரும்பாலும் சுத்தம் செய்கிற கைதான். மேல்தோல் பிசின், பளபளப்பு இருக்கும்வரை ஈரம் எளிதில் இறங்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உள்ளிருக்கும் மரத்தூள் வெளிப்பட்டு, பனிமூட்டத்தின் ஈரத்தை உறிஞ்சும். முனைகளுக்கு நடுவே தூசியும் ஈரமும் சேர, மின்கசிவு தொடங்கி, பொறி பறந்து, கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும். கோடு விழுந்த சுவிட்சைச் சுரண்டி வார்னிஷ் பூசிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். பழைய ஹீட்டர், அயர்ன் பாகங்கள் சிலவற்றில் மரத்தூளுக்குப் பதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அவற்றைத் தேய்க்கவும் கூடாது, துளையிடவும் கூடாது.

ஹைலம் ஷீட் வேறு மாதிரி. பிசினில் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்தது. முகப்பு தாங்கும், வெட்டிய ஓரம் தண்ணீர் குடிக்கும். மழைக்காலத்தில் சுவிட்ச் போர்டு வளைவது இதனால்தான். 3 மி.மீ. ஷீட்டில் துளை போடும்போது பின்னால் பலகை வைத்து முகப்பிலிருந்து இறக்குங்கள், இல்லையென்றால் அடுக்கு பெயரும். ஓரத்திலிருந்து 10 மி.மீ.யாவது தள்ளியே திருகு வரட்டும். வெட்டிய ஓரத்துக்கும் துளைகளுக்கும் இன்சுலேட்டிங் வார்னிஷ் இரண்டு கோட்டு அவசியம். அதற்கு முன் ஷீட்டை நன்றாக உலர்த்தாவிட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

சந்தேகமான சுவிட்சா? மெயினை அணைத்து, சுவிட்சைத் தனியே கழற்றி, ஆஃப் நிலையில் இரு முனைகளுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்புத் தடையை அளக்கும் கருவி) பாருங்கள். அளவு குறைந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி பாருங்கள். ஏறினால் ஈரம், ஏறாவிட்டால் கரி.

வெள்ளைச் சுவிட்சுகள் பல யூரியா ஃபார்மால்டிஹைடு. அவற்றில் மீன் கவிச்சி அடித்தால் உள்ளே சூடேறுகிறது. மெயினை அணைத்துவிட்டு, முனைத் திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.