செம்பனைக் குலைப் படங்களுக்குக் கானா, டிஃப்யூஷனா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் சிறு தோட்டக்காரர்கள் செம்பனைக் குலைகளைக் கொண்டுவந்து இறக்கும் ரேம்ப் ஒன்றில், கைப்பேசிப் படத்தைக் கொண்டே குலை பழுத்ததா காயா என்று சொல்லும் செயலி ஒன்றை நாங்கள் சிலர் உருவாக்கி வருகிறோம். காய்க் குலை கலந்து போனால் ஆலையில் கழிவு போட்டுத் தொகையைக் குறைப்பார்கள், நட்டம் தோட்டக்காரருக்கே. பழுத்த குலைகளின் படங்கள் எங்களுக்கு வேண்டிய மட்டும் கிடைத்தன. காய்க் குலைகளை வெட்டுபவர்கள் கூடியவரை தொடுவதில்லை என்பதால் அவற்றின் படங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையைச் செயற்கைப் படங்களால் ஈடுகட்ட இரண்டு வழிகள் இருந்தன: கான் எனப்படும் எதிர் வலையமைப்பு, அல்லது இரைச்சலிலிருந்து, அதாவது தாறுமாறான புள்ளிக் குவியலிலிருந்து, படிப்படியாகப் படத்தைத் தெளிவாக்கும் டிஃப்யூஷன் மாதிரி. நாங்கள் டிஃப்யூஷனைத் தேர்ந்தோம். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

படத்தின் தரத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இயன் குட்ஃபெலோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் அறிமுகப்படுத்திய கான் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது. ஜொனத்தன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் ஆகியோரின் 2020ஆம் ஆண்டுக் கட்டுரை டிஃப்யூஷனைப் பயன்பாட்டுக்கு உரியதாக்கியது. மறு ஆண்டே தாரிவாலும் நிக்கோலும் இமேஜ்நெட் என்னும் பெரிய படத் தொகுப்பில் அது கானை விஞ்சுவதைக் காட்டினார்கள்.

பயிற்சியிலும் வேறுபாடு பெரிது. கானில் ஒரு வலையமைப்பு படம் ஆக்க, மற்றொன்று அது போலியா என்று ஆராய்கிறது. இரண்டில் ஒன்று மிஞ்சிவிட்டால் பயிற்சி குலைந்து, ஒரே சாயலிலான சில குலைகளே திரும்பத் திரும்ப வெளிவரும். படங்கள் குறைவாக உள்ளவர்களுக்காக 2020இல் வந்த ஸ்டைல்கான்2 அடா என்னும் கான் பதிப்பு கூடச் சில ஆயிரம் படங்களை எதிர்பார்க்கிறது. டிஃப்யூஷனிலோ, படத்தில் கலந்த இரைச்சல் எது என்று கணிக்கும் ஒரே வேலைதான். பிழை சீராக இறங்கும், நடுவில் நிறுத்தி மறுபடியும் தொடரலாம். ராம்பாக் குழுவினர் 2022இல் வெளியிட்ட, படத்தைச் சுருக்கிய வடிவில் வைத்தே டிஃப்யூஷனை நடத்தும் மறைவெளி முறையில் 512க்கு 512 புள்ளிகள் கொண்ட வண்ணப் படம் 64க்கு 64 அளவில் நான்கு அடுக்குகளாகச் சுருங்குகிறது. எண்களின் கணக்கில் இது 48 மடங்குக் குறைப்பு என்பதால்தான் வீட்டுக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டிலேயே எங்களால் வேலை செய்ய முடிகிறது.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் அன்று; ஆக்கப்பட்ட படத்துக்குப் பழுத்தது, காய் என்று நாம் இடும் பெயர் உண்மையாக இருக்குமா என்பதுதான். மலேசியச் செம்பனை வாரியத்தின் தரப்பிரிப்பு முறையில், பழங்கள் உதிர்ந்த குழிகள் குறைந்தது 10 இருந்தால்தான் குலை பழுத்தது. அதற்குக் குறைந்தால் அரைப்பழுப்பு. ஒரு குழியும் இல்லாமல் கருமையாக இருந்தால் காய். புதிதாகப் படம் ஆக்கும் எந்த மாதிரியும் எண்ணிக்கையில் தடுமாறும். அரைப்பழுப்பு என்று நாம் கேட்டுப் பெறும் குலை பார்வைக்கு அழகாகவே இருக்கும். குழிகளின் எண்ணிக்கைக்கு மட்டும் எந்த உறுதியும் இராது. அப்படங்களை அப்படியே சேர்த்தால் செயலி தவறான பாடத்தையே கற்கும். இந்தக் குறை கானுக்கும் உண்டு, டிஃப்யூஷனுக்கும் உண்டு.

டிஃப்யூஷனுக்கு இதிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது. உண்மையான குலையைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் புதிதாக ஆக்கச் செய்யலாம். இரைச்சலை நீக்கும் ஒவ்வொரு படியிலும், குலை இருக்கும் பகுதியில் அசல் படத்தையே அந்தப் படிக்கு உரிய அளவு இரைச்சலோடு திரும்ப வைத்துவிட்டால், மாதிரி எஞ்சிய பகுதியை அதற்கு இசைய நிரப்பிக்கொள்ளும். மறுபயிற்சி தேவையில்லை. ரேம்ப்பின் சிமென்ட் தரையில் எடுத்த காய்க் குலை, லோரித் தட்டிலும் காய்ந்த மட்டைகளுக்கு நடுவிலும் ஈரப் புல்லிலும் கிடப்பதாகப் பல படங்களாகிறது. குலை அதே குலை என்பதால் அதற்கு மனிதர் இட்ட பெயரும் மாறுவதில்லை. கானிலும் இது இயலாததன்று. எனினும் அதற்கென்றே தனி வலையமைப்பைப் பயிற்றவோ, கான் படங்களை எண்களாகக் குறிக்கும் உள்வெளிக்குள் நம் படத்தைத் திரும்பத் தேடிப் பொருத்தவோ வேண்டும்; பொருத்தும்போது குலையின் நுண்கூறுகளே மாறிவிடுகின்றன.

இதைச் செய்ய முனைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறைவெளி முறையில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் ஒரே கட்டமாகச் சுருங்கி மீண்டும் விரிவதால், தொடாமல் விட்ட பகுதியிலும் சிறு குழிகளின் விளிம்பு மழுங்கும். ஆகவே படம் வெளிவந்த பிறகு அசல் குலையின் புள்ளிகளை அதே இடத்தில் மறுபடியும் ஒட்டி, ஓரத்தை மட்டும் மென்மையாக்குகிறோம். இந்த ஒரு படியை விட்டால் முறையின் பயன் முழுவதும் போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

வேகத்தில் கான் முந்துகிறது. அது ஒரே ஓட்டத்தில் படத்தைத் தருகிறது. ஹோவின் மூல முறைக்கு 1000 படிகள் வேண்டும், படிகளைத் தாவிச் செல்லும், பின்வந்த டிடிஐஎம் முறையில் 50 அளவு போதும். கைப்பேசியிலேயே உடனுக்குடன் படம் ஆக்க வேண்டியவர்கள் கானை நாடுவது நியாயமே. நாங்களோ இரவில் கணினியை ஓடவிட்டுக் காலையில் பார்ப்பவர்கள். 2023இல் வந்த எஸ்டிஎக்ஸ்எல் டர்போ என்னும் டிஃப்யூஷன் மாதிரி ஒன்று முதல் நான்கு படிகளில் படம் தருவது, பயிற்சியில் கானின் எதிரிடும் முறையைச் சேர்த்துக்கொண்டதால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வகையில் கான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

வெளிச்சம் பற்றி எங்கள் அனுபவம் மெலிது. உச்சி வெயிலில் எடுத்த குலையை அந்தி வெளிச்சப் பின்னணியில் வைத்தால் நிறங்கள் முரண்படுகின்றன. செயலி குலையை விட்டுவிட்டு அந்த முரணையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளக்கூடும். அதனால் இப்போதைக்குப் பகல் பின்னணிகளோடு நிறுத்தியிருக்கிறோம். மழை நேரப் படங்களை ரேம்ப்பில் நேரிலேயே எடுத்துச் சேர்க்கிறோம். செயலியைச் சோதிக்கும் தொகுப்பில் செயற்கைப் படம் ஒன்றையும் வைப்பதில்லை.