முதல் வாடகை வருமானம்: மாடி கட்டுவதா, ஃபிளாட் வாங்குவதா?

சென்னையில் சொந்த வீடு இருப்பவர் வாடகைக்கு விட இன்னொரு ஃபிளாட் தேடுமுன் ஒருமுறை தன் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும்.

பழைய ஃபிளாட்டுக்கு 40 லட்சத்தில் பத்திரம் என்றால், முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2% என 3.6 லட்சம் போய்விடும். மாதம் 12,000 வாடகை வந்தால், முதல் 30 மாத வாடகை அதற்கே சரி. ஆள் இல்லாத மாதத்திலும் மெயின்டனன்ஸ் கட்டியாக வேண்டும். கட்டடம் பழசாகும், கடைசியில் மதிப்பு நிற்பது யூடிஎஸ் நிலத்தில்தான், அதாவது மொத்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கில். அது எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள்.

மாடி போர்ஷனுக்கு நிலச் செலவும் இல்லை, பத்திரச் செலவும் இல்லை. ஆனால் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி துருப்பிடித்து உரிகிறதா, அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று இன்ஜினியர் பார்த்தே ஆக வேண்டும். கட்டட அனுமதி, தனி ஈபி மீட்டர், வெளிப்படிக்கட்டு மூன்றும் அவசியம். தண்ணீர் மோட்டார் சண்டை வரும். கீழேயே நீங்கள் இருப்பதால் அன்றே தீர்க்கலாம்.

வெளியூரில் வேலை என்றால் ஃபிளாட்தான் சௌகரியம். உள்ளூரில் இருப்பவருக்கு மாடிதான் என் தேர்வு. எதுவானாலும் ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். வருமான வரியில், வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் 30% கழிவு இரண்டுக்கும் உண்டு.