“பாட்டிலை ஊத்துங்க, உடனே மீன் விடலாம்” என்று சொன்னதை நம்பி 11,920 ரூபாய் போச்சு

நேற்று காலை 5:30 மணிக்குக் கடைசி மீனும் செத்துவிட்டது. 11 நாளில் 12 மீன். மீன் விற்ற கடைக்காரர் இன்று காலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் “புது ஒராண்டா வந்தாச்சு, லோ பிரைஸ்” என்று போட்டிருக்கிறார் (ஒராண்டா ஒரு வகை கோல்ட் ஃபிஷ்). அதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. புதிதாகத் தொட்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். மீன் விடுவதற்கு முன் என்ன செய்யணும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மகளின் பிறந்தநாளுக்காக எங்கள் ஏரியாவில் உள்ள ஒரு வண்ணமீன் கடைக்குப் போனோம். 2 அடித் தொட்டி, ஸ்டாண்டு, மூடி, லைட் எல்லாம் சேர்த்து 6,500. ஃபில்டர் 1,100. கல், பிளாஸ்டிக் செடி, பின்னால் ஒட்டும் படம் 850. தீனி 180. நாலு ஒராண்டா, நாலு சாதா கோல்ட் ஃபிஷ் 1,520.

வாங்கும்போதே நான் கேட்டேன். இதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை, நான் கேட்டேன். “தண்ணிய சில வாரம் ஓட விட்டுட்டுத்தான் மீன் விடணும், டேங்க் சைக்கிள் ஆகணும்னு சொல்றாங்களே?” உடனே அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். “அதெல்லாம் அந்தக் காலம் அக்கா. நல்ல பாக்டீரியா எல்லாம் இதுக்குள்ளேயே இருக்கு. ரெண்டு மூடி ஊத்துங்க, ஒரு மணி நேரத்துல மீன விடலாம். என் வீட்லயும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, பாப்பாகிட்ட பொய் சொல்வேனா?” சொல்லிக்கொண்டே என் மகள் கையில் வலையைக் கொடுத்து, “நீயே புடி பாப்பா” என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். பாட்டில் 350 ரூபாய். லேபிள் பாதி கிழிந்திருந்தது, தேதி இல்லை, வெயில் அடிக்கும் கண்ணாடி அலமாரியில் எத்தனை நாளாக இருந்ததோ. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது ஜிபேயில் 10,500 அனுப்பிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் எல்லா மீனும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வீடியோ எடுத்து அனுப்பினேன். “விளையாடுது அக்கா, புது இடம்ல” என்று பதில். மறுநாள் காலை ஒரு ஒராண்டா ஃபில்டர் குழாயில் ஒட்டிக் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். செவுள் மூடிக்குள்ளே ரத்தம் கட்டியது போல ஒரே சிவப்பு, துடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு நாளில் ஆறு போய்விட்டது.

போன் செய்தால் “தீனி அதிகமா போட்டிருப்பீங்க”. இன்னொரு தடவை “உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல”. மெசேஜ் போட்டால் ப்ளூ டிக் மட்டும் விழும். நேரில் போனால் செடித் தொட்டிக்குப் பின்னால் இருந்த போர்டைக் காட்டுகிறார், “உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது”. அப்புறம் மனசு இறங்கியவர் மாதிரி, “ஒண்ணு பண்ணுங்க, தண்ணி முழுசா கொட்டிட்டு, கல்லு, ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் குழாயில நல்லா தேச்சுக் கழுவுங்க, இந்த மருந்த ஊத்துங்க” என்றார். நீல மருந்து 220. மகள் அழுகிறாள் என்று மறுபடியும் நாலு ஒராண்டா 1,200. ஆக 11,920. கழுவச் சொன்னபடியே கழுவினேன். மிச்சமிருந்த ரெண்டும் புதுசு நாலும் சேர்ந்தே போயின.

நேற்று மத்தியானம் வண்ணமீனுக்குப் பெயர்போன சென்னை கொளத்தூருக்குப் போனேன். அங்கே மீன் வளர்த்து விற்கும் ஒரு பெரியவர் நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே தலையில் கை வைத்தார். “ஏம்மா, அந்த ஸ்பாஞ்சைக் கழுவச் சொன்னவன் மீன் கடையா வச்சிருக்கான்?” அவர் சொன்னது இதுதான்: மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியா விடுகிறது, மிச்சத் தீனி அழுகினாலும் அதுவேதான். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொன்று. அம்மோனியாவும் நைட்ரைட்டும் விஷம், நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி வளரும். புதுத் தொட்டியில் தானாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும், டேங்க் சைக்கிள் ஆவது என்பது இதுதான். நான் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவியது, ஒட்ட ஆரம்பித்த கொஞ்ச நஞ்சத்தையும்தான். தண்ணீரின் பி.எச். (காரத்தன்மை) கூடக் கூட, தண்ணீரின் சூடு ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் கூடுமாம். அந்த நீல மருந்து கூட இந்த பாக்டீரியாவுக்கு ஆகாது. 70 லிட்டர் தண்ணீரில் 8 கோல்ட் ஃபிஷ் என்பதே அநியாயம் என்றார், அவ்வளவு கழிவு விடும் மீன் அது.

வரும் வழியில் தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கி வந்தேன். 5 மில்லி தண்ணீரில் சொட்டு விட்டு 5 நிமிடம் காத்திருந்தேன். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாகி நின்றது, அவ்வளவு அம்மோனியா. மீன் இறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இதைப் பார்த்திருந்தால் போதும். மீன் வாங்கிய கடையில் அதே கிட் அந்தக் கடைக்காரர் தலைக்கு மேல் தொங்கியது. “வேணாம் அக்கா, வீண் செலவு” என்றவரும் அவர்தான்.

தொட்டி கையில் இருக்கிறதே, 11,920 எப்படிப் போச்சு என்று வீட்டுக்காரர் கேட்கிறார். மகள் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள். எனக்கு அது மொத்தமும் போனதுதான்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குளோரின் நீக்கும் மருந்து விட்டு, ஃபில்டரை ராத்திரி பகல் ஓட விடுங்கள். மீன் இருப்பது போல தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும்வரை மீன் வேண்டாம். பல மாதமாக ஓடும் நல்ல தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்ச் கிடைத்தால் உங்கள் ஃபில்டரில் வையுங்கள், நாள் குறையும். ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவவே கழுவாதீர்கள், தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். முதலில் இரண்டு மீனுக்கு மேல் விடாதீர்கள்.

அப்புறம் பில். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், என் கையில் இருப்பது கடை பெயரே இல்லாத “எஸ்டிமேட்” துண்டுச் சீட்டு. ஜிபேயில் போன பணமும் வேறு யாரோ பெயரில் இருக்கிறது. காசு கொடுக்கும் முன் கடை பெயர் போட்ட பில் கேளுங்கள். தர மறுத்தால் அங்கே ஒரு மீன் கூட வாங்காதீர்கள்.