கோர்க் எம்ஏ-1 மெட்ரோனோம்: ஷஃபிளை மெதுவாகப் பழக ஒரு சின்னப் பெட்டி

கோர்க் எம்ஏ-1 மெட்ரோனோமில் (கிளிக் ஒலியால் தாளம் காட்டும் பெட்டி) 15 தாள வகைகள் இருக்கின்றன. 0 முதல் 9 வரை பீட் (தாள அடி) எண்ணிக்கை பத்து வகை. அதற்கப்புறம் பீட்டை இரண்டாகப் பிரிப்பது, மூன்றாகப் பிரிப்பது, மூன்றில் நடு அடியை விட்டுவிடுவது, நான்காகப் பிரிப்பது, நான்கில் நடு அடிகளை விட்டுவிடுவது. ப்ளூஸ் கிடார் பழகுகிறவருக்கு இந்தப் பெட்டி வேண்டும் என்று சொல்லக் காரணம் அந்த 13-ஆவது வகைதான்: மூன்றில் நடு அடி விட்டது. ஷஃபிள் என்றால் அதுவேதான். மற்ற 14-ஐயும் ஓரமாக வைத்துவிட்டாலும் ஒரு வருஷத்துக்கு இது வேலை கொடுக்கும்.

வாயால் சொல்லிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். தகிட, தகிட என்று ஒரு பீட்டுக்கு மூன்று சொல். ‘கி’யை மனசுக்குள் மட்டும் சொல்லிவிட்டு ‘த’விலும் ‘ட’விலும் தட்டுங்கள். த…ட, த…ட. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ வளர்ந்த காதுக்கு இது புதுசே இல்லை. மரண கானாவிலும் டப்பாங்குத்திலும் மூன்று மூன்றாகப் பிரியும் அடியைத் தெருவிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிக்கல் காதில் இல்லை, கையில். கிடார் கையில் வந்ததும் சர்ச் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் பழகிய ஸ்ட்ரம்மிங் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலும் கீழும் ஒரே சீராக ஆடும் கை அது. ஒரே சீராக ஆடுகிற கை பீட்டை இரண்டு சம பாதியாகத்தான் வெட்டும். ஷஃபிளுக்குக் கை கீழே போன பிறகு கொஞ்சம் அங்கேயே நிற்க வேண்டும், அப்புறம்தான் ஏற வேண்டும்.

மெதுவாக வாசிப்பதால் என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்காகவே காட்டலாம். நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு பீட் அரை விநாடி. சம பாதியாக வெட்டினால் இரண்டாவது அடி 0.25 விநாடியில் விழும், ஷஃபிளாக வெட்டினால் 0.33-இல். வித்தியாசம் 0.08 விநாடி. பழகாத காதுக்கு அது நழுவிப் போகும், வாசிப்பது ஷஃபிள்தான் என்று நம்பிக்கொண்டே சம பாதியாக வாசித்துக்கொண்டிருப்போம். அதையே 50-க்கு இறக்குங்கள். ஒரு பீட் 1.2 விநாடி. சம பாதி 0.6-இல், ஷஃபிள் 0.8-இல். இப்போது வித்தியாசம் 0.2 விநாடி, தப்பு பளிச்சென்று கேட்கும். வேகம் மறைத்து வைத்திருந்த பிழையை எடுத்துக் காட்டத்தான் மெதுவாக வாசிப்பது. 50-இல் வாசிப்பது 120-ஐவிடக் கஷ்டம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

பெட்டியை 13-ஆவது வகையில் 50-க்கு வைத்து, கிடாரைத் தொடாமல் ஆரம்பியுங்கள். காலால் பீட், வாயால் தகிட. இரண்டு நிமிஷம் போதும். அடுத்து இடது கையை எல்லா ஸ்ட்ரிங்குகள் மேலும் லேசாகப் படுக்க வைத்து (அழுத்தக் கூடாது, அழுத்தினால் சுரம் வந்துவிடும்) வலது கையால் மட்டும் த…ட. ‘சக்…சக்’ என்ற சத்தம் மட்டும் வர வேண்டும். மெட்ரோனோமின் கிளிக்கும் உங்கள் அடியும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் கிளிக் கேட்காமல் போகும். அதுதான் அளவுகோல். கிளிக் தனியாகக் கேட்டால் நீங்கள் முந்தியோ பிந்தியோ இருக்கிறீர்கள். ஐந்து நிமிஷம் இதிலேயே இருங்கள், இது முடியாமல் கார்டுக்கு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போவதில் பிரயோஜனமில்லை.

இதற்கப்புறம் ஏ கார்டில் அடிப்படை ஷஃபிள். 5-ஆவது ஸ்ட்ரிங் திறந்தபடி, 4-ஆவது ஸ்ட்ரிங்கின் 2-ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல். முதல் பீட்டில் இப்படியே த…ட. இரண்டாவது பீட்டில் மோதிர விரல் அதே ஸ்ட்ரிங்கின் 4-ஆவது ஃப்ரெட்டில் இறங்கும், மறுபடி த…ட. மூன்றாவது பீட் முதலாவதைப் போல, நான்காவது இரண்டாவதைப் போல. டி-க்கு இதே வடிவம் ஒரு ஸ்ட்ரிங் கீழே (4, 3), இ-க்கு ஒரு ஸ்ட்ரிங் மேலே (6, 5). 12 பார் சுற்று (பார் என்றால் இங்கே நான்கு பீட்): ஏ நான்கு, டி இரண்டு, ஏ இரண்டு, இ ஒன்று, டி ஒன்று, ஏ ஒன்று, கடைசி பார் இ. 50 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 58 விநாடி ஆகும். பத்து சுற்று என்றால் பத்து நிமிஷம்.

இங்கே பெரும்பாலும் நடக்கிற கோளாறு இரண்டாவது, நான்காவது பீட்டுகள் தாமதமாக வருவது. பிக் பிடிக்கிற கையைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் மோதிர விரல் எட்டிப் போகும்போது ஆள்காட்டி விரல் ஃப்ரெட்டை விட்டு எழும்பிவிடுகிறது, திரும்பி வர நேரம் பிடிக்கிறது. ஆள்காட்டி விரல் 2-ஆவது ஃப்ரெட்டிலேயே ஊன்றி நிற்கட்டும், மோதிர விரல் மட்டும் ஏறி இறங்கட்டும். சந்தேகமாக இருந்தால் மறுபடி ஸ்ட்ரிங்குகளை அமுக்கி வலது கை மட்டும் வாசித்துப் பாருங்கள். அப்போது தாளம் சரியாக இருந்தால் கோளாறு இடது கையில்.

பிக் எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்பதில் எங்கள் கருத்து தெளிவானது: இரண்டு ஸ்ட்ரிங் ஷஃபிளை முதலில் எல்லாமே டவுன் அடியாகப் பழகுங்கள். அப் அடி இயல்பிலேயே மெலிசாக விழும், ‘ட’ சோர்ந்துவிடும். எல்லாம் டவுனாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே கனம் கிடைக்கும், கையும் கீழே நின்று ஏறக் கற்றுக்கொள்ளும். முழுக் கார்டு வாசிக்கும்போது ‘த’ டவுன், ‘ட’ அப் என்று மாற்றிக்கொள்ளலாம். டன்லப் டார்டெக்ஸ் பிக் வைத்திருப்பவர்கள் மஞ்சள் 0.73 மி.மீ. தடிமனில் தொடங்கலாம், ஒற்றைச் சுரத்துக்குப் பச்சை 0.88 நன்றாக இருக்கும். விரலுக்கு வெளியே முனை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தெரிய வேண்டாம். நீளமாக விட்டால் முனை ஸ்ட்ரிங்கில் மாட்டி ‘ட’ பிந்தும். உள்ளங்கையின் அடிப்பக்கத்தைப் பிரிட்ஜை (கிடார் உடலில் ஸ்ட்ரிங்குகள் ஊன்றும் பட்டை) ஒட்டி வைத்து லேசாக மியூட் செய்யுங்கள், அதாவது ஒலியை அமுக்குங்கள். கை பிரிட்ஜை விட்டு உள்ளே நகர்ந்தால் சுரமே செத்து ‘டொக் டொக்’ என்று கேட்கும், பிரிட்ஜுக்குப் பின்னால் போனால் மியூட்டே இருக்காது.

ஒற்றைச் சுரப் பயிற்சிக்கு 12-ஆவது வகை, மூன்று அடியும் கேட்பது. ஏ மைனர் பென்டடோனிக்கை (ஐந்து சுர வரிசை) 5-ஆவது ஃப்ரெட் நிலையில் பீட்டுக்கு மூன்று சுரமாக, டவுன் அப் என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். முதல் பீட் டவுனில் ஆரம்பித்தால் இரண்டாவது பீட் அப்பில் ஆரம்பிக்கும். அந்த அப் அடிக்கும் ‘த’வின் அழுத்தம் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலருடைய ட்ரிப்லெட் (பீட்டுக்கு மூன்று அடி) குலைந்துபோகிறது: டவுன் விழுகிற இடத்திலெல்லாம் அழுத்தம் விழுந்து, மூன்று மூன்றாக இருந்தது இரண்டு இரண்டாகக் கேட்கும். 40-க்கு இறக்கினாலும் தப்பில்லை. ஸ்ட்ரிங் வளைப்பதையும் தாளத்துக்குள் கொண்டுவாருங்கள். 3-ஆவது ஸ்ட்ரிங் 7-ஆவது ஃப்ரெட்டை ‘த’வில் அடித்து, ‘ட’ வருவதற்குள் முழு சுரம் மேலே ஏற்ற வேண்டும். எட்டிய சுரம் 2-ஆவது ஸ்ட்ரிங் 5-ஆவது ஃப்ரெட்டோடு ஒத்துப்போகிறதா என்று உடனே வாசித்துச் சரிபாருங்கள்.

மூன்று சுற்று பிசகாமல் வந்தால் வேகத்தை நான்கு கூட்டலாம். ஒரு சுற்று தடுமாறினாலும் பழைய வேகத்துக்கே திரும்புங்கள். பெட்டி 30 முதல் 252 வரை போகும். ஷஃபிளுக்கு 130-ஐத் தாண்டி அதிகம் தேவைப்படாது.

இனி குறைகள். 13-ஆவது வகையில் வைத்துவிட்டால் பாரின் முதல் பீட்டைத் தனியாக ஒலித்துக் காட்டும் மணி கிடையாது. பீட் எண்ணிக்கையும் பிரிவும் ஒரே பட்டியலில் இருப்பதால் இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. நான்கு பாரா ஐந்தா என்று நீங்களே எண்ண வேண்டும். தொடக்கத்தில் டி-க்கு மாறும் இடம் தப்பும். எண்ணிப் பழகியவருக்கு இது நன்மை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் புதியவருக்குச் சங்கடம்தான்.

இரண்டாவது குறை பெரியது. ஷஃபிள் கையில் நின்ற பிறகு கிளிக்கைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியின் தயவில்தான் தாளம் நிற்கும். முதலில் 13-ஆவது வகையை விட்டு வெறும் பீட். பிறகு கிளிக் 2-லும் 4-லும் மட்டும், டிரம்மர் ஸ்னேர் அடிக்கும் இடம். அதற்குப் பெட்டியைப் பாதி வேகத்தில் வைக்க வேண்டும்: 80-இல் வாசிக்க 40. அதற்கடுத்தது பாருக்கு ஒரே ஒரு கிளிக், அதாவது கால் வேகம். பெட்டியின் அடிமட்டம் 30 என்பதால் 2-4 கிளிக்கோடு 60-க்குக் கீழே வாசிக்க முடியாது, பாருக்கு ஒரு கிளிக் என்றால் 120-க்குக் கீழே முடியாது. மெதுவான 12/8 ப்ளூஸுக்குத்தான் (நான்கு பீட், ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிவது) அந்தப் பயிற்சி மிகவும் தேவை, அங்கேதான் இது கை விரிக்கிறது. அந்தக் கட்டத்தில் குறிப்பிட்ட பார்களை மௌனமாக்கும் ஃபோன் ஆப்புக்குப் போவது நல்லது.

இன்னொன்று, இது கொடுக்கும் ஷஃபிள் துல்லியமான இரண்டுக்கு ஒன்று. நல்ல வாசிப்பில் அந்த விகிதம் அசையும். வேகம் ஏற ஏற இரண்டு அடியும் சமத்தை நோக்கி நகரும். ப்ளூஸ் கலைஞர் ஜிம்மி ரீட் பாணியின் சோம்பலான இழுப்பைப் பெட்டியிடம் எதிர்பார்க்காதீர்கள், அது பதிவுகளைக் கேட்டு வர வேண்டியது. ஆனால் சரியான ‘ட’ எங்கே என்று தெரியாமல் அதை நகர்த்திப் பார்க்க முடியாது.

சத்தம் பற்றி: உள்ளே இருப்பது சின்ன பீசோ ஸ்பீக்கர். கீச்சென்ற ஒலி. அகௌஸ்டிக் கிடாருக்குப் பரவாயில்லை, ஆம்ப்ளிஃபையர் சத்தத்தை ஏற்றினால் காணாமல் போகும். இயர்ஃபோன் குத்த இடம் இருப்பதால் ஒரு காதில் மட்டும் செருகிக்கொள்ளுங்கள், மறு காது கிடாருக்கு. ஒட்டிக் கட்டிய சுவரும் ஒண்டுக்குடித்தனமுமாக இருக்கும் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வீடுகளில் ராத்திரி பத்து மணிக்குப் பழக இதுதான் வழி. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மணி நேரம் கிளிக் கேட்கத் தேவையில்லை. ஃபோனில் ப்ளூடூத் இயர்ஃபோன் போட்டால் தாமதம் வருமே என்று கேட்பார்கள். கிளிக்கைக் கேட்டு வாசிப்பதற்கு அந்தத் தாமதம் தொந்தரவில்லை, எல்லா கிளிக்கும் ஒரே அளவு பிந்துவதால். கிடார் ஒலியையும் அதே வழியாகக் கேட்டால்தான் தொல்லை. ஃபோனின் உண்மையான இடைஞ்சல் நடுவில் வரும் அழைப்பும் வாட்ஸாப்பும்.

கிடாருக்குச் சுரம் சேர்க்க ஒலியும் தரும் இந்தப் பெட்டி. காதால் ட்யூன் செய்யப் பழகுகிறவருக்கு உதவும். திரையில் ஊசி இடமும் வலமும் ஆடும், அதைப் பார்த்து வாசிக்காதீர்கள். கண் பார்த்துக் கை அடித்தால் காது தூங்கிவிடும், பெட்டியைக் கவிழ்த்து வைத்தால்கூட நல்லதே.

ஓடுவது இரண்டு ஏஏஏ பேட்டரியில். கரண்ட் போன நேரத்திலும் பயிற்சி நிற்காது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும். சில வாரம் தொடாமல் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பூத்துவிட்டால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுப் பேட்டரி போடலாம். வாங்கும்போது கடையிலேயே பேட்டரி போட்டு மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: இயர்ஃபோனை அசைத்தால் ஒலி கரகரக்காமல் வருகிறதா, பொத்தான்கள் ஒரே அழுத்தலில் மாறுகின்றனவா, 13-ஆவது வகையை 50-இல் ஓடவிட்டு தகிட சொன்னால் ‘ட’ சரியாக கிளிக்கின் மேல் விழுகிறதா.