ஹெப்பாரின் பூச்சு: ஒட்டி வைப்பதா, கட்டி வைப்பதா?

பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன குழாயின் உட்புறத்தில் ரத்தம் உறையாமல் இருக்க என்ன பூச்சு போடுவது என்று முடிவெடுக்க எங்கள் ஆய்வகத்தில் ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. கடைசியில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினை மேற்பரப்போடு சகப்பிணைப்பில் (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் உறுதியான வேதிப்பிணைப்பு) கட்டும் முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். சுலபமான வழியை விட்டுவிட்டு ஏன் இதற்குப் போனோம் என்பதை, இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பூச்சு ஏன் வேண்டும் என்பது தெரிந்த கதை. ரத்தம் அயல்பொருளைத் தொட்டதும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் படிகின்றன, அதன்மேல் தட்டணுக்கள் ஒட்டுகின்றன, பிறகு உறைவு.

சுலபமான வழி, அயனிப் பிணைப்பு. ஹெப்பாரினில் சல்ஃபேட் குழுக்கள் ஏராளம், அதனால் எதிர்மின்சுமையும் ஏராளம். நேர்மின்சுமை உள்ள ஒரு நான்கிணைய அம்மோனியம் உப்போடு சேர்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த உப்பின் நீண்ட கார்பன் சங்கிலிகள் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும். 1963-இல் வின்சென்ட் காட் குழுவினர் கிராஃபைட் மேற்பரப்பில் பென்சால்கோனியம் (அப்படிப்பட்ட ஓர் அம்மோனியம் உப்பு), அதன்மேல் ஹெப்பாரின் என்று செய்து காட்டியதிலிருந்து வரும் வழி இது. குழாயைக் கரைசலில் முக்கி எடுத்து உலர்த்தினால் போதும், அரை நாள் வேலை.

முதல் சோதனையில் இது எங்களை நன்றாகவே ஏமாற்றியது. குழாயை வளையமாக மூடி, பாதிக்கு ரத்தம் விட்டு, 37 டிகிரியில் சுழற்றினோம். சாண்ட்லர் வளையம் என்பார்கள். பூச்சில்லாத குழாயில் விரல் நீளத்துக்கு உறைவு விழுந்தது. அயனிப் பூச்சுக் குழாயில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கே முடிவெடுத்திருப்போம், வளையத்திலிருந்து எடுத்த ரத்தத்துக்கு ஏபிடிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) பார்க்கலாமே என்று ஆய்வக அக்கா ஒருவர் சொன்னார். பார்த்தால், நேரம் எக்கச்சக்கமாக நீண்டிருந்தது. அதாவது ஹெப்பாரின் சுவரில் இல்லை, கழன்று ரத்தத்தில் கலந்துவிட்டது. ரத்தம் உறையாததற்குக் காரணம் பூச்சு அல்ல, நாங்கள் அறியாமல் ரத்தத்துக்குள் போட்ட மருந்து.

என் முடிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. சில மில்லிலிட்டர் ரத்தம் மட்டுமே சுற்றிவரும் மூடிய வளையத்தில் கழன்ற ஹெப்பாரின் எங்கும் போகாது, அங்கேயே இருந்து காப்பாற்றும். நோயாளியின் ரத்தநாளத்துக்குள் இருக்கும் குழாயில் அப்படியா? ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், கழன்றது கழன்றதுதான், கொஞ்ச நாளில் சுவர் வெறுமையாகிவிடும். உறுதி செய்துகொள்ள, துண்டுகளைப் பிளாஸ்மாவில் போட்டு 37 டிகிரியில் குலுக்கி, தினமும் ஒன்றை எடுத்து டொலுயிடின் நீலத்தில் தோய்த்தோம். ஹெப்பாரின் இருந்தால் அந்தச் சாயம் ஊதாவாக மாறும். அயனிப் பூச்சுத் துண்டின் ஊதா நாளுக்கு நாள் வெளிறியது. பிளாஸ்மாவில் இருக்கும் உப்பு அயனிகளும் புரதங்களும் ஹெப்பாரினைப் பிடித்த இடத்திலிருந்து தள்ளிவிடுகின்றன. கூடவே அம்மோனியம் உப்பும் கழன்று வந்து சிவப்பணுவை உடைக்கும். வளையத்திலிருந்து எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தபோது, மேலே வெளிர்மஞ்சளாக நிற்க வேண்டிய பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தது.

சகப்பிணைப்பில் கட்டிய ஹெப்பாரின் நிற்கிறது. நின்றால் போதுமா, தீர்ந்துபோகாதா என்று கேட்கலாம். தீராது. ஹெப்பாரின் தானாக உறைவைத் தடுப்பதில்லை. ரத்தத்தில் உள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்து, அது உறைவை உண்டாக்கும் த்ராம்பினை அடக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. வேலை முடிந்ததும் அந்த ஜோடி கழன்று ரத்தத்தோடு போய்விடும், ஹெப்பாரின் அடுத்ததற்குத் தயார். வினையூக்கி மாதிரி.

ஆனால் எப்படிக் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். நாங்கள் முதலில் கார்போடைஇமைடு என்ற இணைப்பு வேதிப்பொருளை வைத்துக் கட்டினோம். சங்கிலி நெடுகிலும் உள்ள கார்பாக்சில் குழுக்களைப் பல இடங்களில் பிடித்துவிடும் முறை அது. சாயம் அடர் ஊதா காட்டியது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பத்தாம் காரணிச் சோதனையில் (உறைவுக்குத் தேவையான இன்னொரு புரதமான பத்தாம் காரணி எவ்வளவு அடங்குகிறது என்று பார்ப்பது) செயல்திறன் சொற்பம். ஆன்டித்ராம்பின் வந்து பிடிக்க வேண்டிய இடம், ஐந்து சர்க்கரை அலகுகள் கொண்ட ஒரு சிறு பகுதி. ஹெப்பாரின் சங்கிலிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான் அது இருக்கும். சங்கிலி சுவரோடு படுத்துவிட்டால் அதுவும் மறைந்துபோகும். சாயம் சொல்வது அளவை மட்டும், திறனை அல்ல.

அதனால் நுனிக்கட்டு முறைக்கு மாறினோம். 1980-களில் ஸ்வீடனில் ஓலே லார்ம், ரோல்ஃப் லார்சன், பெர் ஊல்சன் கொண்டுவந்தது. நைட்ரஸ் அமிலத்தால் ஹெப்பாரினை லேசாக வெட்டி, நுனியில் ஆல்டிஹைடு வரவழைத்து, சுவரில் உள்ள அமைனோடு கட்டுவது. கொடிக்கயிற்றின் ஒரு நுனியை மட்டும் கட்டினால் மறுநுனி காற்றில் ஆடுமே, அப்படி ஹெப்பாரின் ரத்தத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கார்மெடா என்ற பெயரில் வரும் பூச்சு இதுதான்; கோர் நிறுவனத்தின் ப்ரோபேட்டன் செயற்கை ரத்தக்குழாயில் இருப்பதும் இதே.

சிரமம் நிறைய. சுவரில் அமைன் கிடைக்க, பாலிஎத்திலீன்இமைனும் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். கடைசியில் சேர்க்கும் சோடியம் சயனோபோரோஹைட்ரைடு நச்சு. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வரும், புகைக்கூண்டுக்கு (நச்சுவாயுவை இழுத்து வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வெளியே தொடவே கூடாது. வெட்டும்போது அளவு மீறினாலும் நஷ்டம்தான்: த்ராம்பினை அடக்கக் குறைந்தது 18 சர்க்கரை அலகு நீளம் வேண்டும். பத்தாம் காரணியை அடக்க அந்த நீளம் தேவையில்லை என்பதால், துண்டுகள் அதைவிடச் சிறுத்தாலும் பத்தாம் காரணிச் சோதனை நல்ல எண்ணையே காட்டும். ஆகவே த்ராம்பின் சோதனையும் சேர்த்துச் செய்யுங்கள்.

மூன்றாவதாக ஃபாஸ்ஃபோரில்கோலின் பூச்சு. சிவப்பணுவின் வெளிச்சவ்வைப் போன்றது, புரதம் படிவதைக் குறைக்கும், ஹெப்பாரினே கிடையாது. ஹெப்பாரினால் தட்டணுக்கள் சரியும் நோயாளிக்கு இதுதான் சரி, அங்கே என் தேர்வு செல்லாது. நாங்கள் ஒரு சுற்று மட்டும் செய்து பார்த்தோம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அயனிப் பூச்சை ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. சில மணி நேரம் ஓடும் இதய-நுரையீரல் இயந்திரக் குழாய்க்கு அது தாங்கும்; எப்படியும் நோயாளிக்கு ஹெப்பாரின் ஏற்றித்தான் இருப்பார்கள். நாள்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியது என்றால் நுனிக்கட்டு. என் அனுபவம் ஆய்வகக் குழாயோடு சரி, விலங்குச் சோதனைக்குப் போகவில்லை.

அப்புறம், கிருமிநீக்கம். காமாக் கதிர் ஹெப்பாரின் சங்கிலியைச் சிதைக்கக்கூடியது என்பதால் எத்திலீன் ஆக்சைடுக்குப் போனோம். கிருமிநீக்கத்துக்கு முன் எடுத்த எண்ணை நம்பி உட்காராமல், அது முடிந்த துண்டிலேயே பத்தாம் காரணி, த்ராம்பின் என இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்துவிடுங்கள்.