68030 போர்டில் மஸ்ல்: சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தபின்

மோட்டோரோலா 68030 சிப் உள்ள போர்டு ஒன்றில், லினக்ஸின் மேல், மஸ்ல் சி லைப்ரரியை (சி மொழி ப்ரோக்ராம்கள் லினக்ஸின் மையமான கெர்னலோடு பேசப் பயன்படும் அடிப்படைத் தொகுப்பு) சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். சிப் வந்தது 1987இல். மஸ்லில் எம்68கே (இந்த 68000 சிப் குடும்பத்தின் பெயர்) ஆதரவு சேர்ந்ததோ 2018இல்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக நம்பலாம். ஆனால் இதே மாதிரி வேறொரு பழைய சிப்புக்கு லைப்ரரியைக் கொண்டுபோக நினைப்பவர்கள், கம்பைல் ஆனதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

சோர்ஸ் கோடைப் பார்த்தால் வேலை சுலபம் என்றுதான் தோன்றும். மஸ்லில் சிப்பைச் சார்ந்த பகுதி சின்னது. சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்பது), அட்டாமிக் (நடுவில் யாரும் குறுக்கிட முடியாத நினைவக மாற்றம்), செட்ஜம்ப் (ஓட்டத்தின் நிலையைக் குறித்துவைத்துப் பின்னால் அங்கே திரும்புவது), க்ளோன் (புதிய த்ரெட் தொடங்குவது), சிக்னல் திரும்பும் இடம், ரீலொகேஷன் (ப்ரோக்ராம் ஏறும்போது முகவரிகளைச் சரிசெய்வது), அப்புறம் கெர்னலோடு ஒத்துப்போக வேண்டிய ஹெடர்கள். எம்68கேவில் சிஸ்டம் கால் எண்ணை டி0 ரிஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) வைத்து, ஆர்க்யுமென்ட்களை டி1 முதல் டி5 வரையிலும் ஆறாவதை ஏ0விலும் வைத்து, கெர்னலுக்குள் நுழையும் ட்ராப் 0 போட்டால் போதும். அட்டாமிக்குக்கு 68020 காலத்திலிருந்தே ‘காஸ்’ (ஒப்பிட்டு, பொருந்தினால் மாற்றுவது) இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிறது. இதுவரை தலைவலி இல்லை.

தலைவலி அலைன்மென்டில், அதாவது தரவு நினைவகத்தில் எந்த எல்லையில் தொடங்க வேண்டும் என்பதில், ஆரம்பிக்கிறது. லினக்ஸ் எம்68கேவில் இன்ட் (முழு எண்) நான்கு பைட்தான், ஆனால் இரண்டு பைட் எல்லையில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கேரக்டரும் ஒரு இன்ட்டும் உள்ள ஸ்ட்ரக்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற 32 பிட் சிப்களில் பெரும்பாலும் 8 பைட் வரும், இங்கே 6. லைப்ரரி ஹெடரில் இதைக் கவனிக்காமல் விட்டால் கெர்னல் ஒரு இடத்தில் எழுதும், நாம் வேறு இடத்தில் படிப்போம். மஸ்ல் இதைச் சரியாகவே செய்திருக்கிறது. அடி வாங்குவது மேலே ஓடும் ப்ரோக்ராம்கள். பாயின்டரின் (நினைவக முகவரியின்) கடைசி இரண்டு பிட்டும் எப்போதும் பூஜ்யம் என்று நம்பி, அதில் டைப் அடையாளத்தைப் பதுக்கி வைக்கும் ஒரு இன்டர்ப்ரெட்டர் எனக்கு அடிக்கடி கவிழ்ந்தது. ஓடும்போது நினைவகம் தரும் மால்லாக் கொடுத்த நினைவகத்தில் பிரச்சினை இல்லை. ஸ்டாட்டிக்காக அறிவித்த ஆப்ஜெக்டுகள்தான் இரண்டு பைட் எல்லையில் போய் நின்றன. அந்த அறிவிப்புகளில் நான்கு பைட் அலைன்மென்ட்டை வெளிப்படையாகக் கேட்டதும் அடங்கியது. பழி என்னவோ முதலில் லைப்ரரி மேல்தான் விழும்.

அடுத்தது லாங் டபுள், அதாவது சி மொழியில் டபுளைவிடப் பெரிய தசம எண் வகை. 68881, 68882 என்ற கணிதக் கோப்ராசஸர்களின் 80 பிட் வடிவம் நினைவகத்தில் 12 பைட் எடுக்கும்: முதலில் குறியும் அடுக்கும் சேர்ந்து 16 பிட், பிறகு சும்மா கிடக்கும் 16 பிட், அதன் பின் 64 பிட் மாண்டிஸா (எண்ணின் இலக்கங்கள்). இன்டெலிலும் 80 பிட்தானே என்று அந்த சோர்ஸ் கோடை அப்படியே எடுத்துவந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பைட் வரிசையும் நடுவில் உள்ள இடைவெளியும் மட்டுமல்ல, எல்லை மதிப்பே வேறு: இன்டெலில் லாங் டபுளின் மிகக் குறைந்த அடுக்கு -16381, இங்கே -16382. லாங் டபுளையே நான் தொடுவதில்லை என்றும் தப்பிக்க முடியாது. மஸ்லின் பிரின்ட்எஃப் சாதாரண டபுளைக்கூட லாங் டபுளாக மாற்றித்தான் அச்சிடுகிறது. கோப்ராசஸர் இல்லாத போர்டில் கெர்னலின் எமுலேட்டரை நம்பினால், ஒவ்வொரு கணக்குக்கும் கெர்னலுக்குள் போய்வர வேண்டும். சாஃப்ட் ஃப்ளோட்டாக (தசமக் கணக்கை ப்ரோக்ராமுக்குள்ளேயே மென்பொருளால் செய்யும்படி) பில்ட் செய்வது மேல். ஆனால் அதன் ஏபிஐ (கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய விதிகள்) வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது.

உண்மையான குறை என்று நான் சொல்வது த்ரெட் பாயின்டரை, அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் (ப்ரோக்ராமுக்குள் தனியாக ஓடும் இழை) தன் சொந்தத் தரவைக் கண்டுபிடிக்கும் முகவரியை. இதற்கென்று எம்68கேவில் ரிஜிஸ்டர் ஒதுக்கவில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் ‘கெட் த்ரெட் ஏரியா’ என்ற சிஸ்டம் காலைப் போட்டுத்தான் வாங்க வேண்டும். பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவைத் தொட்டாலே கெர்னல் பயணம்தான். லூப்புக்குள் எர்நோவைப் பூஜ்யமாக்கி, எண்ணைப் படித்து, மறுபடி சோதிக்கும் பார்சர்கள் இந்த போர்டில் நகரவே நகராது. இது மஸ்லின் சோம்பல் இல்லை, ஏபிஐ அப்படி.

2020இல் வந்த மஸ்லின் 1.2.0 பதிப்பு 32 பிட் சிப்களிலும் நேரத்தை 64 பிட்டாக்கியது. 32 பிட் நேரம் 2038இல் நிரம்பிவிடும் என்ற பயம் போயிற்று. சிஸ்டம் காலை நேரடியாகக் கூப்பிடும் பழைய ப்ரோக்ராம்கள் சில கம்பைல் ஆகாமல் நின்றன. பழைய 32 பிட் நேர சிஸ்டம் கால் எண்களின் பெயரை மஸ்ல் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறது. தப்பான நேரத்தோடு ஓடுவதைவிட இது எவ்வளவோ பரவாயில்லை.

யாருக்கு ஒத்துவரும்? 68020 முதல் 68060 வரை, எம்எம்யூவோடு (நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதி) லினக்ஸ் ஓடும் எதற்கும். ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த சின்ன ப்ரோக்ராம்கள் குறைந்த நினைவகத்தில் நன்றாகவே ஓடுகின்றன. இதே குடும்பத்திலிருந்து வந்த கோல்ட்ஃபயர் சிப்களில் ‘காஸ்’ கிடையாது, அங்கே அட்டாமிக்குக்கும் கெர்னலைத்தான் கேட்க வேண்டும். வெறும் 68000 வைத்திருப்பவர்கள் நியூலிப் என்ற வேறொரு சி லைப்ரரி பக்கம் போவது நல்லது.

பில்ட் முழுவதையும் நான் வேகமான கணினியில் முடித்துவிடுகிறேன். அன்றாடச் சோதனைக்கு வேறொரு கணினியைப் போல நடிக்கும் க்யூஎமு எமுலேட்டரின் 6.0 பதிப்பில் வந்த ‘விர்ட்’ மெஷின் போதும். கணிதச் சோதனைகளை மட்டும் இன்னமும் நிஜ போர்டில்தான் ஓட்டுகிறேன், எவ்வளவு நேரம் பிடித்தாலும் சரி.