காங்கரியில் எந்தப் பாதை: ஆற்றுக்கா, ஓக் மேட்டுக்கா?

தென் கரோலினாவின் கொலம்பியா நகரிலிருந்து அரை மணி நேரம் கார் ஓட்டினால் காங்கரி தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவின் தென்கிழக்கில் கோடாலிக்குத் தப்பிய ஆற்றுப்படுகைக் காடுகளில் இதுதான் பெரியது. ஒரு முழு நாள் நடக்க நினைப்பவர்களுக்கு அங்கே இரண்டு பாதைகள்: ஓக்ரிட்ஜ், சுமார் 7 மைல், ரிவர் டிரெயில், போய்வர 10, 11 மைல். குழந்தை வண்டியோடு வருபவர்கள் யோசிக்கவே வேண்டாம், இரண்டரை மைல் பலகைப் பாதை இருக்கிறது. ஏற்ற இறக்கம் இரண்டிலுமே இல்லை. குடிதண்ணீரை வாசலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஓக்ரிட்ஜில் ஒரு முறை, ரிவர் டிரெயிலில் இரண்டு முறை போயிருக்கிறேன். அந்த இரண்டில் ஒன்று பாதியில் திரும்பியது. ஆனாலும் என் ஓட்டு ரிவர் டிரெயிலுக்குத்தான்.

மரம் பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் ஓக்ரிட்ஜே மேல், அதை மறைக்கப் போவதில்லை. மேடு என்று பெயர்தானே ஒழிய, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தரை சில அங்குலம் உயர்ந்தாலே மரம் மாறிவிடுகிறது. தேங்கிய தண்ணீரில் அடி பருத்த டுப்பெலோவும் சைப்ரஸும். கொஞ்சம் தள்ளி, கட்டிப்பிடிக்க இரண்டு பேர் வேண்டிய ஓக். ஆற்றை நெருங்கினால் இது குறைகிறது. 1976-இல் பாதுகாப்பு வருவதற்கு முன் அந்தப் பக்கம் மரம் வெட்டியிருக்கிறார்கள். இப்போது இளங்காடும் கொடியும்தான்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர். ஒரு மார்ச் மாதம் மச்சினனோடு போனேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஒரு வாரமாக மழை இல்லை. செடார் கிரீக் என்ற ஓடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், பாதை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. கடுங்காப்பி நிறம். அடையாளத் தகடு மட்டும் எதிர் மரத்தில் தெரிகிறது. முழங்கால்வரை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தவன் சாக்ஸைப் பிழிந்தபடி கேட்டான்: "ஏன் அத்தான், மழையே பெய்யலையே, இது எங்கேருந்து வந்துச்சு?"

புளூ ரிட்ஜ் மலைப் பக்கத்திலிருந்து. பிராட், சலூடா என்ற இரண்டு ஆறுகள் அங்கிருந்து இறங்கிவந்து, கொலம்பியாவில் கூடி காங்கரி ஆகின்றன. மலையில் பெய்வது சில நாள் கழித்து இந்தக் காட்டுக்குள் பரவும். வருடத்துக்குச் சுமார் பத்து முறை இப்படி நடக்கிறதாம். ஆகவே வானிலைச் செயலியைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஆற்றுக்கும் செடார் கிரீக்குக்கும் நீர்மட்டத்தை இணையத்தில் கோட்டுப் படமாகப் போடுகிறது. அந்தக் கோடு நாலைந்து நாளாக இறங்கிக்கொண்டே வர வேண்டும். அடியில் போய்ப் படுத்திருந்தால் இன்னும் உத்தமம். வெள்ளம் வடிந்தாலும் சேறு உடனே போகாது.

ஓக்ரிட்ஜும் வாய்க்கால்களைக் கடந்துதான் போகிறது, அதுவும் முழுகும். ஆனால் அங்கே பாதியில் திரும்பினாலும் பெரிய மரங்களைப் பார்த்த கணக்காகிவிடும். ரிவர் டிரெயிலில் காத்திருப்பதெல்லாம் கடைசியில். ஆற்றோர மணல்திட்டு அது, ஆறு தணிந்தால்தான் வெளியே வரும்.

நவம்பரில் கோடு படுத்திருந்த நாளாகப் பார்த்துப் போனேன். நெஞ்சு உயரத்துக்கு மரங்களில் வண்டல் கறை. அதற்கும் மேலே, என் தலைக்கு மேல், ஒரு கிளைக் கவட்டில் சுள்ளியும் சருகும் உருண்டையாகச் சிக்கியிருந்தன; பறவைக்கூடு என்று நினைத்தேன், வெள்ளம் வைத்துவிட்டுப் போனது. தரையை ஏர் பூட்டி உழுத மாதிரி காட்டுப்பன்றிகள் கிளறியிருந்தன. இரண்டரை மணி நேரம் இப்படி ஆற்றின் அடியிலேயே நடந்துவிட்டு, திடீரென்று வெளிச்சம், மணல், கீழே சத்தமே இல்லாமல் ஆறு. இவ்வளவையும் செய்தது இதுவா என்றிருந்தது. திட்டில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். தண்ணீரில் இறங்கவில்லை, இழுப்பு அதிகம்.

கோடைக்கு என் அனுபவம் உதவாது. பார்வையாளர் மையத்தில் கொசு மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். ஆறாவது எண்ணுக்குப் பெயர் 'போர்க்களம்'. நான் போன நவம்பரில் முள் இரண்டில் நின்றது.

மச்சினனுக்கு இப்போதெல்லாம் நீர்மட்டக் கோட்டைப் படம் பிடித்து அனுப்புகிறேன். "பாக்கலாம் அத்தான்" என்கிறான்.